ஓணான் எனக்கு வரவில்லை

இன்று மாலை தேரடி வீதி பேக்கரியின் மாடியில், எதிரே உட்கார்ந்திருந்த கோகுல் ஆட்டத்தைத் தொடங்கியதும் என் கைப்பேசித் திரையில் ஓணான் வந்து நின்றது. மெலிந்த கால்கள், பச்சைக் கழுத்து, நிற்கும்போதே ஓடுவதைப் போன்ற அந்தத் தவிப்பு. அதன் மீது விரலை அழுத்தினால் விவரம் விரியும். வளர்த்தவர் என்ற இடத்தில் உன் பெயர். வைத்திருப்பவர் என்ற இடத்தில் கோகுலின் பெயர். மூல உரிமை ஒருவருடையது, அனுபோகம் மற்றொருவருடையது. இந்த மாவட்டத்து வக்கீல்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட சொத்துகளை வைத்துத்தான் பிழைக்கிறோம். எத்தனையோ கட்சிக்காரர்களை, பொறுமையாக இருங்கள், சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வருத்தம் தெரிவிப்பதற்காக இதை எழுதவில்லை. அதை வழக்கறிஞர் சங்கம் உனக்கு நடத்திய இரங்கல் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், உரிய சொற்களில் தெரிவித்துவிட்டேன். இது பொறாமையில் எழுதுவது. நீ இருந்தவரை அது உன் மீது இருந்தது. இப்போது மருந்துக்கடை வைத்திருக்கும் கோகுல் மீது இருக்கிறது. அவர் உன்னை அண்ணன் என்கிறார், என்னை சார் என்கிறார்.

இதைப் பிறர் படிக்க நேரலாம் என்பதால் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொருவரும் தாம் பிடித்து வளர்த்த விசித்திரப் பிராணிகளைச் சண்டைக்கு இறக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தத்தம் முடிவை மறைவாகச் செய்வார்கள். அடிக்கலாம், அல்லது களத்தில் நிற்பதைத் திரும்ப அழைத்து வேறொன்றை இறக்கலாம். முடிவுகள் வெளிப்பட்டபின், வேகம் மிகுந்தது முதலில் அடிக்கும். வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பயிற்சிப் புள்ளிகள் அளவானவை. அவற்றை உடலுக்கும் பலத்துக்கும் வேகத்துக்குமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நீ உடலுக்கு ஒன்றுமே கொடுக்கமாட்டாய். எல்லாம் வேகம், எல்லாம் பலம். உன் ஓணான் அடித்தால் எதிரில் இருப்பது பெரும்பாலும் எழுந்திருக்காது. அதன் மீது யார் கை பட்டாலும் அது அப்பளம்.

அதற்கு விளையாட்டு நிறுவனம் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. நீ அதை ஒருநாளும் சொன்னதில்லை. "வேலில போறத எடுத்து மடில கட்டிக்கினு வந்துட்டேன்டா" என்று சிரித்துக்கொண்டே ஓணான் என்று பெயரை மாற்றினாய். என்னிடம் ஒன்று இருந்தது. பாறை முதுகு, தடித்த தோல், எத்தனை அடி விழுந்தாலும் நின்றுகொண்டே இருக்கும். அதற்கும் நீதான் பெயர் வைத்தாய், என்னைக் கேட்காமலே. வாய்தா. ஜெயிக்கவும் செய்யாது, தோற்கவும் விடாது, தள்ளித் தள்ளிப் போடும் என்றாய். கோர்ட் வராந்தாவில் குமாஸ்தாக்கள்கூட என்னைப் பார்த்து, வாய்தா எப்படி சார் இருக்கு என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு விஷயம் பதிவாக வேண்டும். இந்த விளையாட்டை முதலில் ஆடத் தொடங்கியவன் நான். நாம் இருவரும் ஒரே சீனியரிடம் ஜூனியர்களாக இருந்தபோது, வழக்கு கூப்பிடுவதற்காக வராந்தாவில் காத்திருந்த வேளைகளில், உனக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். ஒரு மாதத்தில் நீ என்னைத் தாண்டிப் போய்விட்டாய். ஊரில் இதை ஆடுகிறவர்கள் எல்லோரும் உன்னைச் சுற்றிச் சேர்ந்தார்கள். அண்ணன்தானே உங்களுக்கும் கத்துக்கொடுத்தார் என்று கோகுல் ஒருமுறை என்னைக் கேட்டார். நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தொழிலிலும் அப்படித்தான் நடந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து வண்டிப்பாதை வழக்கு உனக்கு நினைவிருக்கும். அந்தப் பாதையில் காலங்காலமாக வண்டி ஓட்டி வருவதாக எதிர்தரப்பு சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணைக்கு நான் கேள்விகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய பதில்களையும் யோசித்து வைத்திருந்தேன். சீனியர் கடைசி நேரத்தில் உன்னைக் கேட்கச் சொன்னார். நீ எழுந்து, கிணற்று மோட்டாரிலிருந்து கழனிக்குப் போகும் பைப் அந்தப் பாதைக்குக் குறுக்கேதானே கிடக்கிறது என்று கேட்டாய். ஆமாம் என்றார் அவர். "அப்ப வண்டி பைப் மேல ஏறிப் போவுமா, பைப்ப எடுத்துட்டுப் போவுமா?" என்றாய். சாட்சி பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ உட்கார்ந்துவிட்டாய். நானாக இருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டு, அவர் சமாளித்துக்கொள்ள வழி விட்டிருப்பேன். அது அப்போதே எனக்குத் தெரிந்தது. அறுவடை முடிந்ததும் நம் கட்சிக்காரர் குடும்பத்துப் பெரியவர் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்து ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்தார். அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, "அந்த இன்னொரு வக்கீலு வரமாட்டாருங்களா?" என்றார். நீ வரும்வரை தூக்கைக் கீழே வைக்கவில்லை.

எனவேதான், சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்கு நம் ஊரிலிருந்து ஒருவரை அனுப்ப இந்த பேக்கரி மாடியில் ஆட்டம் வைத்தபோது, நானும் ஓர் ஓணானை வளர்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் பஸ்ஸை விடவில்லை. வெளியூர் ஆட்டக்காரர்கள் தற்காலிக பஸ் நிலையத்தில் இறங்கி, பக்தர்களோடு பக்தர்களாக நடந்து வந்து சேர்ந்தார்கள். மாலைக்குள் எல்லோரும் கழன்றுபோய் நீயும் நானும் மிஞ்சினோம். கடைசியில் உன் ஓணானும் என் ஓணானும் நேருக்கு நேர் நின்றன. நீ திரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

"எனக்கேவா?" என்றாய்.

ஒரே இனம், ஒரே பயிற்சி வரம்பு. ஆனால் நான் ஒரு பாதுகாப்புச் செய்திருந்தேன். வேகத்திலிருந்து கொஞ்சம் எடுத்து உடலுக்குக் கொடுத்திருந்தேன். உன்னுடைய அடி ஒன்றை அது தாங்கிவிடும், அதன்பின் என் முறை என்பது என் கணக்கு. உன்னுடையது முந்திக்கொண்டு அடித்தது. தன் உயிரில் கொஞ்சத்தைக் கொடுத்துப் பலத்தைக் கூட்டிக்கொள்ளும் மணி ஒன்றை நீ அதன் கழுத்தில் கட்டியிருந்தாய். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் ஓணான் சாய்ந்தது. கீழே தெருவில் கிரிவலம் போகிறவர்களின் சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. நீ என் கைப்பேசியை வாங்கி, நான் புள்ளிகளைப் பிரித்திருந்த விதத்தைப் பார்த்தாய்.

"வேகத்துல கை வச்சிருக்கியேடா."

"ஒரு அடி தாங்கட்டும்னுதான்."

"தாங்கறதுக்கா ஓணான வளப்பாங்க? அவன் அடிச்சா என்ன ஆவும்னே யோசிக்கிற. நீ முந்திக்கினா அவன் அடியே கெடயாதேடா."

நீ சென்னைக்குப் போனாய். முதல் சுற்றிலேயே வெளியே வந்தாய். திரும்பி வந்து, அங்கே பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். என்னை அனுப்பியிருந்தால் நான் நாலு சுற்றாவது தாக்குப்பிடித்திருப்பேன். பின்பு தோற்று, அந்தத் தோல்வியை ஒரு வருஷம் சுமந்திருப்பேன். நீ ஜெயித்ததைவிட, அப்படித் தோற்றுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடிந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது.

பிறகு உனக்குக் கல்லீரல் கெட்டது. குடிக்காதவனுக்கு எப்படி என்று ஊரே கேட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் வந்தபோது, கோகுல் எனக்கு முன்பே வந்து உன் கட்டிலில், கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். உங்கள் கைப்பேசிகள் இரண்டும் போர்வையின் மீது பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓணான் போய்க்கொண்டிருந்தது. நான் ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கோகுல் டீ வாங்கப் போனதும், ஓணானை ஏன் அவருக்குக் கொடுத்தாய் என்று உன்னைக் கேட்டேன். கோபமாக அல்ல, அது உனக்கே தெரியும். காரணம் தெரிந்துகொள்ளலாமா என்றுதான் கேட்டேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "உன்கிட்ட குடுத்தா பத்திரமா இருக்கும்டா. அதான் குடுக்கல."

அதன்பிறகு நாம் தனியாகப் பேச வாய்க்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நம் நண்பர் ஒருவர் உன்னைக் காற்றில் அணைந்த சுடர் என்றார். இன்னொருவர் உன் விளையாட்டையே எடுத்துக்கொண்டு, வேகமாக வந்தான், வேகமாகப் போனான், அவன் வளர்த்த பிராணியும் அவனும் ஒன்று என்றார். சபை கலங்கியது. நான் எழுந்து ஆட்சேபணை சொல்லவில்லை, அந்த இடம் அதற்கானதல்ல. இங்கே சொல்கிறேன். நீ சுடரும் அல்ல, அப்பளமும் அல்ல. அடி அண்ணாமலையில் வண்டி நின்றுபோனபோது, என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டே ஊர்வரை தள்ளி வந்தவன். சளி பிடித்துக்கூட நான் உன்னைப் பார்த்ததில்லை. முந்திக்கொண்டு அடித்தது நோய். அதை உன் குணத்தோடு சேர்த்துக் கவிதை செய்ய யாருக்கும் அதிகாரம் கிடையாது.

இன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். கோகுலிடம் இரண்டு மிச்சம் இருந்தன. களத்தில், தன் மணிக்கு உயிரைக் கொடுத்துக் கொடுத்துச் சோர்ந்த ஓணான், பின்னால் கனத்த கவசம் போட்ட ஒன்று. என்னிடம் ஒன்றே ஒன்று, கீரியைப் போன்ற பிராணி. அதனிடம் ஒரு சிறு கடி உண்டு. வலிமை இல்லாத கடி, ஆனால் எதிரியின் வேகம் எதுவானாலும் அதுதான் முதலில் விழும். கடித்திருந்தால் ஓணான் சாய்ந்திருக்கும். மற்றதைச் சமாளித்திருப்பேன். ஆனால் நான் யோசித்தேன். கடி இருப்பது கோகுலுக்குத் தெரியும். தெரிந்த எவரும் ஓணானைத் திரும்ப அழைத்துக்கொண்டு கவசக்காரனை இறக்குவார்கள். கவசத்தின் மீது கடி ஏறாது. எனவே வரப்போகிற கவசத்தை உடைக்கும் பெரிய அடியைத் தேர்ந்தெடுத்தேன்.

கோகுல் ஓணானைத் திரும்ப அழைக்கவில்லை. என் பெரிய அடி கிளம்புவதற்குள் அது பாய்ந்துவிட்டது. கீரி விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

டீ வந்தது. ஆறட்டும் என்று விட்டுவிட்டு நான் கேட்டேன். "நான் கடிச்சிருந்தா?"

"போயிருக்கும் சார்."

"தெரிஞ்சுமா நிக்க வச்சீங்க?"

கோகுல் கொஞ்சம் தயங்கினார். மறைப்பதற்காக அல்ல, சொன்னால் நான் எப்படி எடுத்துக்கொள்வேனோ என்று. "அண்ணன் ஆஸ்பத்திரில சொன்னாரு சார். நம்மாளு எதிர உக்காந்தா ஓணான நவுத்தாத. நாம பயந்து பின்னால போவோம்னுதான் அவன் நெனப்பான். ஏன்னா அவனா இருந்தா போவான்னு."

நம்மாளு.

நான் இல்லாதபோது நீ என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அதுவும், என்னை எப்படித் தோற்கடிப்பது என்று, படுக்கையில் கிடந்தபடி, ஒரு மருந்துக்கடைக்காரருக்கு. எனக்கு வந்த கோபத்தை விவரிப்பது எளிது. அதற்குள்ளே இருந்ததை விவரிப்பதுதான் கடினம். இந்த ஊரில் என்னை அவ்வளவு கூர்ந்து படித்தவர் வேறு எவரும் இல்லை.

என் முகத்தில் கோகுல் எதைக் கண்டாரோ, கைப்பேசியை மேசையில் என் பக்கமாக நகர்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குது. இது உங்ககிட்ட இருக்க வேண்டியது. வாங்கிக்கங்க."

ஓணானை எனக்கு அனுப்ப அவர் அழுத்தியதும் என் திரையில் கேள்வி வந்து நின்றது. பெற்றுக்கொள்ளச் சம்மதமா என்று. உன் கட்டிலருகே நின்ற நாளிலிருந்து நான் விரும்பியது இது ஒன்றைத்தான். எழுத்து மூலமாக வந்த தானம், கொடுப்பவர் சுயநினைவோடு, எவருடைய வற்புறுத்தலும் இன்றிக் கொடுக்கிறார். சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

மறுத்துவிட்டேன்.

பெருந்தன்மை என்று கோகுல் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். ஓணான் என்னிடம் வந்தால் நீ சொன்னதுபோலப் பத்திரமாக இருக்கும், களத்தில் இறங்காது, அவ்வளவுதான். கோகுலிடம் இருந்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது எனக்கு எதிரே வந்து நிற்கும். என்னைப் பற்றி நீ அவரிடம் சொல்லிவைத்தது இந்த ஒன்று மட்டுமாக இருக்காது. இன்னும் சில இருக்கும், என்னிடம் ஒருநாளும் சொல்லாதவை. அவரைக் கேட்டால் மரியாதைக்குச் சொல்லமாட்டார். அவர் ஆட்டத்திலிருந்து, ஒரு தோல்விக்கு ஒன்றாக, நானே எடுத்துக்கொள்ள வேண்டும். அவை முழுவதும் என் கைக்கு வரும்வரை, உன்னை அண்ணன் என்று கூப்பிடும் அந்த மனிதர் மீது எனக்குள்ள பொறாமையை நான் விடுவதாக இல்லை.

"இன்னொரு ஆட்டம் போடலாங்களா?" என்றேன். அவர் ஓணானையே முதலில் இறக்கினார்.