சந்தனாவின் காகிதக் கட்டு

செஞ்சி
20.8.1965

அன்பு மகள் சந்தனாவுக்கு நைனா எழுதுவது. ஜினபகவான் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், தில்லியில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே தினமும் எங்கள் வேண்டுதல். ஆடி போயும் இங்கே மழை இல்லை, சிங்கவரத்து நிலத்தில் மல்லாட்டைச் செடி சுருண்டு கிடக்கிறது, மண்டிக்குக் கடலை மூட்டை வருவது பாதியாகிவிட்டது. அரிசிக்கு ஊரே அலைகிறது. உன் மூன்றாவது கடிதமும் வந்தது. கோடை லீவில் நீ இங்கே வைத்துவிட்டுப் போன காகிதக் கட்டு இன்னும் வரவில்லை, சனிக்கிழமைதோறும் ரயில்வே பார்சல் ஆபீசில் போய் நிற்கிறேன், அது இல்லாமல் சீனத்து ஆராய்ச்சியை டிசம்பருக்குள் எழுதிக் கொடுக்க முடியாது, பட்டம் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு இரண்டு நாள் மண்டிக்கே போகவில்லை. இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

ஆனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக் கூட்டத்தில், போலீஸ்காரர் ஒருவர் மண்டிக்கு வந்தார். உம்ம பொண்ணு சீன பாஷை படிக்குதாமே, ஊட்ல இன்னா வச்சிருக்குது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, சரித்திரம்தான் படிக்குது என்று சொல்லிவிட்டேன். சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது, இன்னும் விடுதியில் சீனாக்காரி என்று ஏசுகிறார்கள் என்றுதானே அந்தக் கட்டை இங்கே கொண்டுவந்தாய், நைனாகிட்ட இருந்தா பயமில்ல என்றாயே. வீட்டைச் சோதனை போட்டு உன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று என் புத்தி கலங்கிவிட்டது. நேரே வீட்டுக்கு வந்து கட்டை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். வேணாங்க, புள்ள ரெண்டு வருசமா எழுதினதுங்க என்று உன் அம்மா கையைப் பிடித்தாள், அவளையும் தள்ளிவிட்டேன். ஒரு தாள்கூட மிச்சமில்லை. விறகைத் தட்டி, எறும்பு இல்லை என்று பார்த்த பிறகே அடுப்பு மூட்டுகிற வீடு நம்முடையது. அன்றைக்கும் தட்டிப் பார்த்தேன் சந்தனா, உன் எழுத்தைத்தான் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து உன் கடிதம் வருகிறது, ஹாங்காங் போய்ப் படிக்கப் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறேன், போலீசில் விசாரிக்க வருவார்கள், உள்ளதைச் சொல்லுங்கள் என்று. அந்தப் போலீஸ்காரர் மண்டிக்கு வந்தது அதற்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. போன வாரம் தைரியம் வரவழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான் சொன்னது பொய், என் மகள் சீன பாஷைதான் படிக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரிப்போர்ட்டு போயி ரொம்ப நாளாவுதே என்றார்கள். உன் பாஸ்போர்ட்டும் என்னால் கெட்டிருந்தால் எனக்கு எழுது. நீ பார்த்து எழுதிய அந்தச் சீனப் புத்தகத்தின் சொந்தக்காரர் அதை எடுத்துக்கொண்டு தன் தேசத்துக்கே போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும், மறுபடி எழுதிக்கொள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் காலத்திலேயே நம் சமணர்களைப் பற்றி அதில் நாலு வரி இருக்கிறது என்று எனக்கு வாசித்துக் காட்டினாயே, அதையும் சேர்த்துத்தான் எரித்தேன். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் ஸ்ருத பஞ்சமிக்கு நம் வீட்டு ஏடுகளைப் பலகையில் அடுக்கியபோது உன் கட்டையும் பக்கத்தில் வைத்து அட்சதை போட்டுக் கும்பிட்டவன் நான். உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நீயும் அப்படியே இருந்துவிடாதே, திட்டியாவது நாலு வரி எழுது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு, படிப்பு படிப்பு என்று வயிற்றைக் காயப்போடாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் பகவான் காக்கட்டும். முக்கியமான விஷயம், பார்சல் அனுப்பிவிட்டேன் என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதியது பொய். இனி சனிக்கிழமை அந்த ஆபீசில் போய் நிற்காதே அம்மா.

இப்படிக்கு,
உன் நைனா
விருஷபதாஸ்