பிரியாணிக் கடை விளம்பரத்தில் ஒரு முகம்

நேற்று மகள் என்னை லத்தா பேட்டையில் புதிதாகத் திறந்த காபிக் கடைக்கு அழைத்துப் போனாள். சுவரெங்கும் பழைய விளம்பரத் தகரங்கள். அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது. தார் பூசிய முகம், வீங்கிய சிவப்பு உதடு, பிதுங்கிய கண், தலைப்பாகை, கையில் பிரியாணித் தட்டு. கீழே ‘கலா’ என்று பர்மிய எழுத்தில், நம்மவர்களைக் கேலியாகக் கூப்பிடும் சொல்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நீங்கள் என்னைக் கூட்டிப்போன கடையிலும் இதே படம் இருந்தது. பக்கத்து மேசைக்காரர் படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“போயிடலாங்க” என்றேன்.

“பசிக்குதுன்னியே, சாப்பிடு.”

முழுவதும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கடைக்காரரிடம் போனீர்கள். “பிரியாணி நல்லாயிருக்கு, ஊ. ஆனா அந்தப் படம் இருக்கிற வரைக்கும் வரமாட்டோம்” என்று பர்மியில், பெரியவர்களை அழைக்கும் ‘ஊ’ போட்டுச் சொன்னீர்கள்.

“சும்மா விளம்பரம்தானே, கோ” என்று, அண்ணனை அழைப்பதுபோல் அழைத்து, அவர் சிரித்தார்.

அப்புறம் நாம் அங்கே போகவே இல்லை. பஸ் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, “இன்னும் இருக்கு” என்பீர்கள். கடையை மூடும்வரை இருந்தது. அந்த ருசிக்காக வீட்டிலேயே பிரியாணி செய்து பார்த்தீர்கள்; ஒவ்வொரு தடவையும் உப்புக் கூடிப்போகும். உங்களுக்குப் பிறகு நான் பிரியாணி செய்வதில்லை.

மகள் தகரத்தைப் படமெடுக்கப் போனை உயர்த்தினாள். உங்கள் நிறம், உங்கள் மூக்கு அவளுக்கு. “அழகா இருக்குல்லம்மா, பழைய ஸ்டைல்” என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அப்பா எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே.”

“அந்தப் படத்தைப் பார்த்தா உனக்கு அப்பா ஞாபகம் வந்துடக் கூடாதுன்னு நினைச்சாரு.”

அவள் எழுந்துபோய்க் கடைக்காரப் பெண்ணிடம் பர்மியில் பேசினாள். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. கூட்டாளியிடம் கேட்டுக் கழற்றுவதாகச் சொன்னாளாம். கழற்றுவாளோ, தெரியவில்லை.

நம் வீடிருக்கும் க்யிம்யிண்டைங்குக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் கேட்டாள்: “கல்யாணத்தப்போ அப்பா பார்க்க எப்படி இருந்தாரு?”

சொல்லத் தொடங்கினேன். வலது கன்னத்தில் மட்டும் விழும் குழி. வெயிலில் நடந்து வந்தால் நெற்றியில் தெரியும் மினுமினுப்பு. சிரிப்பை அடக்கும்போது முதலில் எழும் இடது புருவம். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தும் எனக்குச் சொல்லி முடியவில்லை.