மைக் போடாமல் ஒரு விசாரணை

ஜூன் 8, ஞாயிறு

ஷிஜியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் பெயர் அபின். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை, வீடு ராயபுரம், பூர்வீகம் மார்த்தாண்டம். கேக் ஒரு துண்டுதான் எடுத்தான். தட்டைத் தானே கொண்டுபோய் உள்ளே வைத்தான். என் மகளிடம் பேசியதில் ஒரு பிசிறு இல்லை.

அதுதான் எனக்கு உதைக்கிறது. எண்ணூர் கம்பெனி கேட்டுகளில் பையோடு நின்று கையுறை விற்றவள் நான். இன்றைக்குத் திருவொற்றியூரில் கீழே கையுறை, ஹெல்மெட், சேஃப்டி ஷூ விற்கும் கடையும் குடோனும், மேலே வீடும். பிசிறே இல்லாத சரக்கை மூட்டை பிரித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. இது என் ஒரே பெண்.

கிளம்பும்போது அவன் அம்மா சொன்னது: "வேற பழக்கம் ஒண்ணும் கிடையாது மைனி. மத்தியானம் சாப்பிட்டுட்டு போன்ல கேம் ஆடுவான், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?

ஜூன் 11

யார்டில் விசாரித்தேன்: நல்ல பையன். அவர்கள் சர்ச்சில்: நல்ல பையன். தெருமுனை டீக்கடையிலும் நல்ல பையன். மூன்று இடத்திலும் ஒரே ரேட் சொன்னால் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜூன் 12

வண்ணாரப்பேட்டை போய் அப்சலைப் பார்த்தேன். போன் கடைக்காரர். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்திலிருந்து பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இன்னாம்மா, மாப்ளைய வேவு பாக்கப் போறியா? அந்தப் பையன் நம்மாண்டதான் போனு வாங்குனான், எந்தப் பேர்ல ஆடுறான்னுகூட தெரியும். ஜெயிக்கசொல்ல எல்லாரும் ஜென்டில்மேன்மா. தோக்கசொல்ல பாரு, அப்போ தெரியும் சமாச்சாரம்."

விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். நான்கு பேர் ஒரு கட்சியாக ஒரு தீவில் குதித்து, மற்ற கட்சிகளைச் சுட வேண்டும். எனக்கு 'கிளவுஸ் கிங்' என்று ஆண் பெயர் வைத்தார். "பொம்பளன்னு தெரிஞ்சா ரெண்டே நிமிசத்துல கலீஜா பேசுவானுங்க. மைக்கையும் தொறக்காத."

உள்ளே நுழைவதற்கு முன் நீளமாக விதிகள் வந்தன. யாரும் படிப்பதில்லையாம். நான் படித்தேன். ஆபாசமாகத் திட்டக் கூடாது. சாதி, மதம், ஆண், பெண், மொழி சொல்லி இழிவுபடுத்தக் கூடாது. சொந்தக் கட்சி ஆளைச் சுடக் கூடாது. பாதியில் விட்டுப் போகக் கூடாது. பொய்ப் புகார் கொடுக்கக் கூடாது. எல்லாருக்கும் ஆரம்பத்தில் நூறு நடத்தைப் புள்ளி. புகார் நிரூபணமானால் குறையும், அதிகமானால் வெளியே தள்ளிவிடுவார்கள். கெட்ட யோசனை இல்லை. எங்கள் வியாபாரத்தில் இதுபோல ஒன்று இருந்தால் பாதிப் பேருக்குக் கடை இருக்காது.

ஜூன் 16

எனக்குப் பன்னிரண்டு புள்ளி போய்விட்டது. ஆட்டத்தின் நடுவில் கடைக்கு ஒருவர் ஹெல்மெட் கேட்டு வந்தார், எழுந்து போனேன். 'ஆட்டத்தைக் கைவிட்டவர்' என்று போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரைக் கைவிடவா முடியும்?

ஜூன் 18

அபினின் கட்சியில் இடம் கிடைத்தது. அவனும் கூட வேலை செய்யும் ஒரு பையனும் நிரந்தரம். மீதி இரண்டு இடத்துக்கு யாரும் வரலாம். ஒன்றில் நான். இன்னொன்றில் 'பேஜாரு பாஸ்' என்று ஒருவன்.

அப்பா, அவன் வாய்! தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி தடித்த குரல். "டேய் சோமாரி, கண்ணு இன்னா பின்னாடியா கீது?" என்று தொடங்கி, முடியும் வரை ஓயவில்லை. அபினைக் கதவுக்கு வெளியே விட்டு வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறான். எதிரிகள் அவனைச் சுட்டுத் தள்ள, இவன் சிரிக்கிறான்.

அபின் சொன்னது ஒன்றுதான்: "பிரதர், கொஞ்சம் பார்த்து ஆடுங்க."

அவ்வளவு திட்டுக்கும் பிரதரா?

ஜூன் 20

இன்றும் அதே கதை. பேஜாரு வேண்டுமென்றே அபினின் முதுகில் சுட்டான். அபின் வாயைத் திறக்கவில்லை.

யோசிக்க யோசிக்க எனக்குச் சரியாகப் படவில்லை. புகார் கொடுக்கும் பொத்தான் கண்ணெதிரே இருக்கிறது. ஒருவன் இவ்வளவு கேவலப்படுத்தியும் கூடவே வைத்துக்கொள்கிறான் என்றால் இடையில் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கடனா? வேறு ரகசியமா? பேஜாரு கையில் இவனுடைய எந்த முடிச்சு மாட்டியிருக்கிறது? அல்லது வெளியே பவ்யமாக இருந்துவிட்டு எல்லாவற்றையும் வீட்டில் பெண்டாட்டி மேல் கொட்டுகிற ரகமா? அந்த ரகத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 24

"அம்மா, மத்தியானம் ஆனா போன்ல என்ன பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள் ஷிஜி.

"ரேட்டு கேட்டு மெசேஜ் வருது" என்றேன்.

கேட்கிறவள் மட்டும் என்னவாம்? சாப்பிட்டதும் "ஜி.எஸ்.டி. வேலை கீது" என்று மாடிக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். ஜி.எஸ்.டி.க்கு எதற்குக் கதவு? அதற்குள் அவனோடு பேச ஆரம்பித்துவிட்டாளோ? இன்னும் சம்மதம்கூடச் சொல்லவில்லையே.

ஜூன் 27

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கடையில் ஆள் இல்லை. ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆடினேன். இன்றைக்குப் பேஜாரு என் பக்கம் திரும்பினான். "இன்னா கிளவுஸு, வாயில கொழுக்கட்டையா? ஊமைப் பேமானி, உனக்கெல்லாம் எதுக்குடா துப்பாக்கி, வூட்ல போய் பாத்திரம் கழுவு." காது சுட்டது. என் கடையில் ஒருவன் அப்படிப் பேசியிருந்தால் சேஃப்டி ஷூவாலேயே அடித்திருப்பேன். மைக் போட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது அபின் பேசினான். குரல் உயரவில்லை. "என்னைப் பேசினீங்க, பொறுத்துக்கிட்டேன், அது என் பாடு. பேசாம ஆடற ஒருத்தரை எதுக்குங்க திட்டுறீங்க? இப்பவே ரிப்போர்ட் போடுறேன்."

"போடு நைனா, போட்டுக்கோ!" என்று பேஜாரு சிரித்தான்.

அந்த நேரம் தெருவில் நம் ஷூ லோடு லாரி ரிவர்ஸ் எடுத்தது. அது பின்னால் வரும்போது ஒரு பாட்டு பாடும். அந்தப் பாட்டு திறந்திருந்த காதில் தெருவிலிருந்து கேட்டது. இயர்போன் மாட்டிய காதிலும் கேட்டது. பேஜாருவின் மைக்கிலிருந்து.

"லோடு வந்துட்ச்சு, அப்பால வரேன்" என்று சொல்லி பேஜாரு வெளியேறினான். மாடிக் கதவு திறந்தது. ஷிஜி படியிறங்கி ஓடி வந்தாள், கையில் போன். "அம்மா, லாரி வந்துருக்கு, நீ உக்காரு, நான் இறக்கிக்கிறேன்."

ஜூன் 28

கேட்டேன். முதலில் முழித்தாள். பிறகு நிமிர்ந்துவிட்டாள்.

"நீ ஊர் முழுக்க விசாரிக்கலாம், நான் விசாரிக்கக் கூடாதா? கட்டிக்கப் போறது நான்தான? எவ்வளவு சீண்டினா அவன் வாயில கெட்ட வார்த்தை வரும்னு பாத்தேன். வரவே இல்லம்மா." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "இரு. உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊமைப் பேமானி நான்தாண்டி."

தலையில் கை வைத்துக்கொண்டு கோணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. என்னுடையது முழுச் சிரிப்பு இல்லை.

குரலை மாற்றும் வித்தையைக் கற்றுக்கொடுத்தது யார்? அப்சல்! உடனே போன் போட்டேன்.

"ரெண்டு பேருக்கும் சரக்கு குட்த்தேன்மா. ஒருத்தர் விசயத்த ஒருத்தர்கிட்ட சொல்லல. யாவாரம்னா அப்டித்தான?"

"பையன்கிட்ட சொன்னீரா?"

"அல்லா மேல ஆணையா இல்ல."

ஆணை எல்லாம் சரி. அபினுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பொறுமை அத்தனையும் நாடகம். இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

ஆராதனை முடிந்து அபினை வரச் சொன்னோம். பேஜாரு பாஸுக்கு முப்பது நாள் தடை என்று காலையிலேயே ஷிஜி போனுக்கு வந்துவிட்டது. அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கிளவுஸ் கிங் யார் என்பதை நான் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குத்தான் வரச் சொன்னதே.

நடிப்பு இல்லை. காது மடல் வரை சிவந்து, பிறகு முகம் வெளுத்துப் போயிற்று. காப்பியைத் தொடவில்லை.

"அந்தாளு தினம் வீட்டுல அடி வாங்கி வளர்ந்தவனா இருக்கும்னு நினைச்சேன்" என்றான். "அதான் துரத்தல." பிறகு என்னைப் பார்த்தான். "என்னை விசாரிச்சீங்க, சரி ஆன்ட்டி. நான் உங்க வீட்டை யார்கிட்ட போய் விசாரிக்கணும்?"

எழுந்து போய்விட்டான்.

ஜூலை 1

போன் இல்லை. ஷிஜி சாப்பிடவில்லை. அவன்தான் வேண்டும் என்கிறாள், இப்போது.

ஜூலை 3

விளையாட்டில் போய்ப் பார்த்தேன். அபின் கட்சியில் இரண்டு இடம் காலியாகவே இருக்கிறது. யாரையும் சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

இந்த நோட்டில் முன்பக்கங்களைப் புரட்டினேன். கொடுக்கல் வாங்கல், முடிச்சு, நாடகம்: எல்லாம் நான் எழுதியது. அவன் செய்தது ஒன்றுகூட இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

சாயங்காலம் வந்தான். அம்மாவைக் கூட்டி வரவில்லை, தனியாக. முதலில் ஷிஜியோடு மொட்டை மாடியில் ரொம்ப நேரம் பேசினான். அவள் அழுதிருக்கிறாள், அவன் சிரித்திருக்கிறான், இரண்டும் இறங்கி வரும்போது தெரிந்தது.

"ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கலாம்ல?" என்றாள் ஷிஜி என் முன்னால், பாதி கொஞ்சலாக.

"அது எப்படிங்க? திட்டுனது நிஜம்தானே."

நல்லது. இனி விசாரிக்க ஒன்றும் இல்லை. அவன் அம்மாவையும் போனில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசி முடித்தோம்.

புகார் அப்படியே இருக்கும். ஷிஜி முப்பது நாளும் வெளியே. தடை முடிந்த பிறகு, ஆகஸ்ட் முதல் ஞாயிறு நிச்சயம். நகை, ரொக்கம் என்று அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள்; மண்டபச் செலவு பாதிப் பாதி. கல்யாணத்துக்குப் பிறகும் ஷிஜி கடைக்கு வருவாள். விளையாட்டில் அவன் கட்சியில் காலியான இரண்டு இடத்தில் ஒன்று எனக்கு: சொந்தப் பெயரில், மைக் போட்டு.