ரீனாவின் தோளில் ஒரு கை

என் அன்பு அக்காவுக்கு,

"சின்னவ புலம்ப ஆரம்பிச்சுட்டா"ன்னு சிரிக்காம வாசி. புலம்பத்தான் போறேன்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை ரீனாவுக்கு உறுதிப்பூசுதல். ஞானஸ்நானத்தப்ப அவளுக்காக நீ சொன்ன விசுவாசத்தை இனி அவளே வாயால சொல்லணும். உன் மக வளர்ந்துட்டா அக்கா, உன் சுடிதார் அவளுக்குச் சரியா நிக்குது. நீ போனதிலிருந்து செல்லூரில் எங்க வீட்டில்தான் இருக்கா. என் பாப்பா அவ மடியைவிட்டு இறங்குறதில்லை. சாப்பிடுறா, படிக்கிறா, சிரிக்கக்கூடச் செய்றா. செபம் மட்டும் செய்றதில்லை. கூப்பிட்டா, "வாய் வலிக்குது சித்தி"ங்கிறா.

அவளைக் குறை சொல்லவும் மனசு வரலை. போன தவக்காலத்தில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தப்ப, உன்கிட்ட மறைக்கல்வி படிச்ச பிள்ளைகள் எல்லாம் உனக்காக ஒறுத்தல் இருந்ததுக. ஒருத்தி மிட்டாயை விட்டா, ஒருத்தி செருப்பை விட்டா. ரீனா மீனைத் தொடலை. உயிர்ப்புத் திருநாள் வர்றதுக்கு முன்னாடியே உன்னை அடக்கம் பண்ணிட்டு வந்தோம். அன்னைக்குக் கேட்டா, "நான் எதுல குறை வச்சேன் சித்தி?" காலேஜ் வரைக்கும் படிச்ச எனக்கு இன்னும் பதில் தெரியலை. உனக்காவது அங்கே யாராச்சும் சொன்னாங்களா?

படுக்கையில் இருந்தபடி நீ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட. அவளுக்கு நான் ஞானத்தாயா நிக்கணும், ஆயர் அவ நெத்தியில் எண்ணெய் பூசுறப்ப பின்னாலிருந்து தோளில் கை வைக்கணும். "கை வைக்கிறதுதானேக்கா"ன்னேன். "அம்புட்டு லேசா நினைக்காதடி, அவளுக்கு நீ சாட்சி நிக்கிற"ன்னு சொன்ன.

நேத்து கோவிலில் ஒத்திகை. "கடவுளை நம்புகிறீர்களா?"ன்னு பங்குச்சாமியார் கேட்க, பிள்ளைகளும் பின்னால் நின்ன நாங்களும் "நம்புகிறேன்"னு சொல்லணும். கோவிலே அதிர்ந்துச்சு. என் வாய் திறந்துச்சு, சத்தம் வரலை. மறுபடி கேட்டார். மறுபடியும் வரலை. முன்னால் நின்ன ரீனாவும் சொல்லலைன்னு அவ முதுகைப் பார்த்தே தெரிஞ்சது.

முடிஞ்சதும் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "அக்கா இடத்துல நின்னு பிள்ளைகளுக்குத் தைரியமா ரெண்டு வார்த்தை சொல்லும்மா"ன்னார். "விசுவாசத்தை விட்டுறாதீங்க"ன்னு சொன்னேன். எப்படித்தான் சொன்னேனோ!

சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கையில் ரீனா என்னைப் பிடிச்சுட்டா.

"நீ 'நம்புகிறேன்' சொல்லலைல்ல?"

"நீயும்தான் சொல்லலை."

"அப்ப எங்களுக்கு மட்டும் எதுக்கு அட்வைஸ்?"

"வேற என்னடி சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. சாமியார்கிட்ட என் பேரை எடுத்துரச் சொல்லு. நம்பாதவ மேல நம்பாதவ கை வச்சு நின்னா, ஆயரு பாவம் சித்தி."

சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையா மாறுச்சுன்னு தெரியலை. "ஏறுறீகளா, இல்லையா?"ன்னு ஷேர் ஆட்டோக்காரர் கத்துறார், நாங்க ரெண்டு பேரும் ரோட்டோரம் நின்னு மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கோம். "அம்மா இருந்தா கோவப்படுவாங்களா?"ன்னு கேட்டா. முந்தானையால அவ மூக்கைத் துடைச்சுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவேன்னும் அவ சொல்லலை, வரமாட்டேன்னும் சொல்லலை. எடுத்து வச்ச வெள்ளை கவுன் தேய்க்காமலே கிடக்கு. பயமா இருக்கு அக்கா. இவ விட்டுட்டா, நாளைக்கு என் பாப்பாவுக்குச் சிலுவை போட யார் சொல்லித்தருவா? நானா?

இதைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போறேன், நம்ம பங்குப் பிள்ளைகளும் வாசிப்பாங்க. அதனால நேத்து சொன்னதைத் திருத்திக்கிறேன். பிள்ளைகளா, எனக்கு விசுவாசம் நிறைஞ்சு வழியலை. இருந்தாலும் வாங்க. கோவிச்சுக்கிட்டாவது வாங்க. நாம வராமலே போயிட்டா, ஏன் இப்படிச் செஞ்சன்னு சாமிகிட்ட சண்டை போடக்கூட முடியாது.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை ரீனா வரிசையில் நின்னா, பின்னால் நான் நிற்பேன். "நம்புகிறேன்"னு வாயில் வந்தா சொல்வேன். வராட்டி, பொய் சொல்ல மாட்டேன். அவ வீட்டிலேயே உட்கார்ந்துட்டா, பக்கத்தில் நானும் உட்காருவேன். எங்கே இருந்தாலும் அவ தோளில் இருந்து கையை எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் ஞானத்தாய் ஆகாத
உன் தங்கச்சி