வேங்கையை வீழ்த்தியவர் குறித்து

மழை பொய்யாது ஆறு வற்றாது விளங்கும் தண்துறை நாட்டின் செங்கோல் ஏந்தியவரும், குடைநிழலில் எளியோர்க்கும் இடம் ஒதுக்கியவருமாகிய எயினி நங்கையாருக்கு, முகில்வரை நாட்டை ஆள்பவரும் அவருக்கு ஒரே தமக்கையாருமாகிய அவனி நங்கையார், தங்கையாரின் குடியும் குலமும் காடும் கழனியும் செழிக்க வாழ்த்தி விடுத்த திருமுகம்.

“எம் பசுவைத் தின்னது மரமா சாமி? மரத்துக்குப் பல்லு மொளைச்சிருக்கா?” என்று மலைக்குடிப் பெண் கொற்றி கூவ, “அவையில் நிற்கிறாய், நாவை அடக்கு!” என்று அமைச்சர் கண்டன் மாதேவர் அவளினும் உரக்கக் கூவ, “அடக்குறேன். மொதல்ல நீங்க புலிய அடக்குங்க!” என்று அவள் மறுபடியும் எழும்ப, முகில்வரை அவைக்களம் சந்தைக்கடையான செய்தி தண்துறையை எட்டியிராது. எட்டியிருந்தால், காடும் மலையும் ஆறும் மணலும் காக்கும் தங்கள் நால்வளத் திணைக்களத்தின் முத்திரை மோதிரத்தை, வரும் முழுமதியன்று அந்த மாதேவருக்கே அணிவிக்கத் தாங்கள் இசைந்திருக்க மாட்டீர்கள். விரலேறிய மோதிரம் எளிதில் கழலாது. ஆகவே நடந்தது முழுவதும் இங்கே உரைக்கப்படுகிறது.

சென்ற கோடையில் கொற்றியின் ஊரில் புலியொன்று தொழுவம் புகுந்து பசுக்களைக் கொண்டுபோகத் தொடங்கியது. அவள் மலையிறங்கி வந்து முறையிட, அவனி நங்கையார் மனமிரங்கி, அதனை ஒழிக்குமாறு இங்குள்ள நால்வளத் திணைக்களத்துக்கு ஆணையிட்டார். ஆணையை எழுதிய ஓலைநாயகமோ மோனைக்காக உயிரையும் விடுபவர். புலி என்று எழுதினால் சுவை குன்றும் என்று, ‘மலைமேல் உள்ள வேங்கையை வீழ்த்துக’ என்று அழகுற எழுதிவிட்டார். வேங்கை என்பது புலிக்கும் பெயர், மரத்துக்கும் பெயர். திணைக்களத் தலைவரான மாதேவர் மலையேறினார், முதிர்ந்த வேங்கை மரங்களை ஒன்று விடாமல் சாய்த்தார், ஆணை நிறைவேறிற்று என்று ஓலையும் விடுத்தார். புலி வழக்கம்போல் வந்து, கொற்றியிடம் எஞ்சியிருந்த ஒற்றைப் பசுவையும் கொண்டுபோனது.

அவையில் வினவப்பட்டபோது மாதேவர், நெற்றி நிலத்தில் பட வணங்கி, அரசியார் சொல்லில் ஓரெழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ தாம் யார் என்றும், பணிவே பிழையாயின் அப்பிழைக்குத் தலைகொடுக்கச் சித்தமென்றும் விண்ணப்பித்தார். புலவர்கள் நிகண்டைப் புரட்டித் தலையாட்டினர். பாதி அவை கண்கலங்கியது. நங்கையாருக்கோ மூக்கில் வேர்த்தது. வெட்டிய மரங்கள் எங்கே என்றதற்குக் கரையான் தின்றுவிட்டது என்றார் அமைச்சர். வேங்கையைக் கரையான் தீண்டாது என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படியே தின்றிருந்தாலும், அந்தக் கரையானுக்குத் தச்சுவேலையும் தெரியும் போலும். அமைச்சரின் புதுமாளிகைக்கு அந்த மாதமே வேங்கைக் கதவுகள் முளைத்திருந்தன.

பிறர் வீட்டுச் செய்தியில் நங்கையாருக்கு உள்ள அக்கறை தாங்கள் சிறுவயது முதல் அறிந்ததே. அன்று மரம் வெட்டியவர்களில் கூத்தன் என்பவனை மடைப்பள்ளிக்கு அழைத்து, இலை நிறையச் சோறிட்டு, மெல்லப் பேச்சுக் கொடுக்கச் செய்தார். வேலை கடுமையோ என்று கேட்டதுதான் தாமதம்.

“வேலை என்னங்க வேலை! சுத்திலும் வேல்காரங்க, ஓயாத பறைச்சத்தம், பட்டப்பகல்ல தீப்பந்தம். அமைச்சரு பரண்மேல ஏறினவரு கடைசி மரம் சாயிற வரைக்கும் எறங்கவேயில்ல. சோறுகூடக் கயித்துலதான் மேல போச்சு” என்றான் கூத்தன்.

மரத்துக்கு அஞ்சிப் பரண் ஏறியவர் எந்த நாட்டிலேனும் உண்டோ? வேங்கை என்று எழுதியிருந்தது புலியைத்தான் என்பது அறியாதவருக்குப் பந்தமும் பறையும் எதற்கு? இதனை அவை நடுவே கேட்டபோது மாதேவர், நிலத்து ஈரம் தம் உடம்புக்கு ஒவ்வாது என்றார்.

“கோடையில ஈரமுங்களா? அந்த மலையில ஈரம் இருந்தது எங் கண்ணுல மட்டுந்தான்!” என்றாள் கொற்றி.

அன்றே அமைச்சரின் முத்திரை மோதிரம் பறிக்கப்பட்டது. மறுநாள் விசாரணைக்கு அழைக்க ஆள் போனபோது, வேங்கைக் கதவுகள் திறந்து கிடந்தன. அவர் தங்கள் எல்லையைக் கடந்திருந்தார்.

சொல்லுக்குச் சொல் கீழ்ப்படியும் அமைச்சர் என்று அவர் அங்கே தம்மைப் புகழ்ந்துகொள்வதாகக் கேள்வி. அது பொய்யன்று, நங்கையாரின் அச்சமே அதுதான். தங்கள் ஆற்றங்கரைத் தோப்புகளிலும் மணற்றிட்டுகளிலும் எத்தனையின் பெயர் இரட்டைப் பொருள் தருமோ, யார் கண்டார்? ஆகவே, அவருக்குச் சோறு தருக, நிழல் தருக, முத்திரை தரற்க. காவலுடன் முகில்வரைக்குத் திருப்பி விடுக. தண்துறை அரசிக்கு ஆணையிட முகில்வரைக்கு உரிமையில்லை. தங்கைக்கு ஆணையிடத் தமக்கைக்கு உண்டு. இரட்டைக்குன்று பொறித்த அரக்கு முத்திரை இடப்பட்டது. மலை நிற்கும் காலம் வரை இவ்வுறவும் நிற்க.

முத்திரையிட்ட பின் சேர்த்தது: கூத்தன் கொற்றியை மணந்து மலைக்கே குடிபோனான், அரண்மனைச் சீராகக் கன்றோடு பசு சென்றது. ஓலைநாயகம் உப்பளக் கணக்குக்கு மாற்றப்பட்டார். புலியோ, ஒதுங்க நிழலின்றிக் கணவாய் கடந்து, தங்கள் நாட்டில் குடியேறிவிட்டதாக ஒற்றர் உரைக்கின்றனர். அதற்கு ஆணை எழுதுவதாயின், மோனை கெட்டாலும் கெடட்டும், புலி என்றே எழுதச் செய்க.