மன உளைச்சலைத் தனியறையில் மீண்டும் அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆண்கள் பிரிவு, முதல் மாடி, ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் நோயாளியின் தாயார்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
போதை மீட்பு மையம்.

பொருள்: என் மகனின் மன உளைச்சலை மறுபடி மதிப்பிடவும், அதுவரை அவனை வீட்டுக்கு அனுப்பாதிருக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மின்தூக்கி பழுது பார்க்கும் தொழிலாளியான என் மகன், தங்கள் மையத்தில் குடிநோய்க்குச் சிகிச்சை பெறுகிறான். கை நடுக்கம் நின்றுவிட்டது. அதற்கு நன்றி.

2. திங்களன்று பார்வையாளர் நேரத்தில், ஆலோசகர் மன உளைச்சலை அளக்கும் வினாத்தாளுடன் வந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்க, நானும் அருகில் அமர்ந்திருக்க, கேள்விகளை உரக்க வாசித்தார். எதிலும் ஆர்வமில்லாமல் போகிறதா என்றதற்கு என் மகன், "சாப்பாட்டு மணி அடிச்சா முதல் ஆளா நிக்கிறேனே சார், இன்னும் என்ன ஆர்வம் வேணும்?" என்றான். கூடமே சிரித்தது. ஆலோசகரும் சிரித்தபடி பூஜ்யம் போட்டார். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்ற கேள்விக்கு, அவன் என்னைப் பார்த்துவிட்டு இல்லை என்றான். அதற்கும் பூஜ்யம்.

3. உளைச்சல் குறைவு என்று முடிவாகி, அவனுக்குத் தனி ஆலோசனை நிறுத்தப்பட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

4. நேற்று, துவைத்த சட்டைகளைக் கொடுக்கச் சென்றேன். ஆளில்லாத மாடிப்படியில் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, இப்ப என்னை வீட்டுக்குக் கூப்பிடாதீங்க. குடிச்சுடுவேன்னு பயமில்ல. குடிக்காமலே ஏதாவது பண்ணிக்குவேனோன்னுதான் பயமா இருக்கு." பயம் என்ற சொல்லை அவன் என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

5. உடனே ஆலோசகரிடம் தெரிவித்தேன். "மார்க் கம்மியா வந்தா சந்தோஷப்படணும்மா" என்றார். குறைந்த மதிப்பெண்ணுக்கு மகிழச் சொல்லி எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. அவர் நல்ல பிள்ளை; வேலையும் அதிகம். வினாத்தாளிலும் நான் குறை காணவில்லை. ஆனால் வெப்பமானியைச் சட்டைக்கு மேல் வைத்துப் பார்த்தால் எவருக்கும் காய்ச்சல் இராது.

6. ஆகவே, கதவு சாத்திய அறையில், ஒருவர் மட்டும் அமர்ந்து, அதே கேள்விகளை அவனிடம் நாளைக்குள் கேட்க ஆவன செய்ய வேண்டுகிறேன். பதில் தெரியும்வரை அவனை அனுப்ப வேண்டாம். வீட்டில் நான் ஒருத்திதான். வளர்ந்த மகனை இரவும் பகலும் காவல் காக்க என்னால் இயலாது. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

கேட்கும் நேரத்தில் நான் கட்டடத்துக்கு வெளியே இருப்பேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரிவிக்கவும் தேவையில்லை. கேட்டு, அதன்படி செய்தால் போதும்.

இடம்: மைய அலுவலக வரவேற்பறை
நாள்: புதன்கிழமை, முற்பகல்

தங்கள் உத்தரவுக்காக இங்கேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
நோயாளியின் தாயார்