கதையில் இல்லாத சித்தி

1998 ஜனவரி 17, சனி

காலையில் பனி. காக்ஸ் டவுன் முழுக்க ஸ்வெட்டர். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் ஒத்துக்கொள்கிறேன். நேற்று ஒரு இங்கிலீஷ் ட்யூக்குக்காக அழுதேன். வயது நாற்பத்தாறு. வெங்காயம் என்று இவரிடம் சொன்னேன். நேற்று சமையல் எலுமிச்சை சாதம். இவரும் நம்பிவிட்டார்.

ட்யூக் என்றால் ஜமீன்தார் மாதிரி. சுமதி சொன்னாள். அவள் என் வீட்டுக்காரரின் மூத்த தாரத்துப் பெண். ஐந்து வயதில் என் கைக்கு வந்தவள், இப்போது இருபத்திரண்டு. இனி சு. என்று எழுதுவேன், கை வலிக்கிறது.

சு. ஆபீஸ் விட்டு வரும்போது லெண்டிங் லைப்ரரியில் புக் எடுத்து வருவாள். எல்லாம் அந்தக் காலத்து இங்கிலீஷ் காதல் கதை. குழந்தைகளுக்குச் சொல்கிற பழைய கதையைப் பிரித்து, பெரியவர்கள் அளவுக்கு மறுபடி தைத்தது. நடுநடுவே முத்தம். சாயங்காலம் ஆறு முதல் ஏழரை வரை அவள் தமிழில் சொல்லுவாள், நான் ஹெம்மிங் போடுவேன். நான் நாலாங்கிளாஸ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இஞ்ச், ஹிப், ஷோல்டர்.

அட்டையில் எல்லா ட்யூக்கும் சட்டையைத் திறந்துபோட்டு நிற்கிறான். வீட்டில் நாற்பது வேலைக்காரர். ஒருத்திக்கும் பட்டன் தைக்கத் தெரியாது.

அட்டை எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் படித்ததையே திரும்ப எடுத்து வந்துவிடுகிறாள். அதனால் முடிந்த புக்கின் கடைசித் தாள் மூலையில் பச்சை நூலில் ஒரு தையல் போட்டுவிடுவேன். லைப்ரரிக்காரருக்குத் தெரியாது.

ஜனவரி 19, திங்கள்

ப்ளவுஸ் மூன்று. சுடிதார் ஆல்டர் ஒன்று. ஏழு மணிக்கு மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் அம்மா கன்னடத்தில், "நீரு ஹோய்த்து!" தண்ணீர் போய்விட்டதாம். போகவில்லை, நிறுத்திவிட்டாள்.

இன்று கதை முடிந்தது. அடுப்படியில் கரி பூசிக் கிடந்த பெண்ணுக்கு ட்யூக் கிடைத்தான். அவளைப் பாடாய்ப் படுத்தியது இந்தக் கதையிலும் ஒரு ஹவுஸ் ஓனர் அம்மாதான்.

"ஏண்டி, இங்கிலாந்துல ஹவுஸ் ஓனருங்க எல்லாம் இப்படித்தானா?"

"அந்தக் காலத்துல அப்படித்தான் சித்தி."

"நம்ம மாடிக்காரி தேவலைடி. தண்ணியத்தான் நிறுத்துறா."

சு. சிரித்தாள். புக்கில் நூல் போட்டுக் கொடுத்தேன்.

கல்யாணம் பிப்ரவரி 8. மாப்பிள்ளை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நல்ல பையன், பட்டன் எல்லாம் போட்டிருக்கிறான்.

ஜனவரி 22, வியாழன்

ஸ்டெல்லா டீச்சர் ப்ளவுஸ் வாங்க வந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு, அவரும் அதே லைப்ரரி.

"டைலரக்கா, உங்க பச்சை நூல் பாத்தேன் அந்தப் புக்குல. அப்பா, அந்தச் சித்தி! பிசாசுக்கா அவ!"

"எந்தச் சித்தி?"

"அதான், அப்பாவோட ரெண்டாந்தாரம். அந்தப் பொண்ணை அடுப்படியில தள்ளினாளே."

"ஹவுஸ் ஓனர்தானே தள்ளுனது?"

"ஹவுஸ் ஓனரா? அந்தக் கதையில ஏது?"

விடவில்லை நான். அதற்கு முந்தின புக், ஆப்பிளில் விஷம் வைக்கிறது, அது? சு. அதில் நாத்தனார் என்று சொல்லியிருந்தாள். டீச்சர், "அதுலயும் சித்திதான்" என்றார். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறது? அதில் சமையல்காரி என்று சொல்லியிருந்தாள். "சித்தி" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அடுத்த தடவ கை கொஞ்சம் லூஸா வைங்கக்கா."

ஹவுஸ் ஓனர். நாத்தனார். சமையல்காரி. வாயாரத் திட்டியிருக்கிறேன் மூன்று பேரையும். மூன்றும் நான்தான்.

ஜனவரி 23, வெள்ளி

என் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைத்தாள். தெரிகிறது. ஆனால் பெற்ற அம்மாவுக்குக் கதை சொல்கிற பெண் எதையாவது மறைப்பாளா? "பாரும்மா இந்தச் சித்தி பண்றதை" என்று சேர்ந்து திட்டுவாள்.

மூன்று தடவை அடித்திருக்கிறேன். ஒன்று, கஸ்டமர் பட்டுத்துணியைக் கத்தரித்ததற்கு. இரண்டு, தனியாக ரயில்வே லைன் தாண்டியதற்கு. மூன்றாவதுக்குக் காரணம் இல்லை, எனக்குத் தலைவலி. பெற்றவள் முப்பது தடவை அடிப்பாள். யாரும் எண்ணுவதில்லை.

சாயங்காலம் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "அந்த ஹவுஸ் ஓனர் அம்மா கடைசியில என்னடி ஆனா? நீ சொல்லவே இல்லையே."

சு. கையில் இருந்த புக்கை மூடினாள். "வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா சித்தி."

"ஓனரே காலி பண்ணாளா?"

என்னைப் பார்த்தாள். குக்கர் விசில் வந்துவிட்டது என்று எழுந்து போனாள். விசில் வரவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

பெரியம்மா வந்தார், கோலார் தங்கவயலிலிருந்து. சு.வைப் பெற்றவளுக்கு அக்கா. முறுக்கு ஒரு டின்.

"தாரை வார்க்கறப்ப நானும் எங்க வீட்டுக்காரரும் மணையில உக்காந்துடறோம். பெத்தவ ஸ்தானம் பாருங்க. அவ ஆத்மா குளிரும்." அப்புறம் என்னிடம், "நீ தப்பா எடுத்துக்காதம்மா."

"நான் எதையும் எடுக்கலைங்கக்கா. உங்க தங்கச்சி மூக்குத்திகூட பெட்டியில அப்படியே இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை.

இவர் சு.வைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

பேன் பார்த்தது, சடை போட்டது, அம்மை வந்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது. பதினேழு வருஷம். அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க இஷ்டம்ப்பா."

இவருக்கு இஷ்டம் என்று ஒன்று என்றைக்கும் இருந்ததில்லை. பெரியம்மாவின் இஷ்டம் ஆயிற்று.

பஜ்ஜி போட்டேன். நன்றாக இருந்ததாம்.

ஜனவரி 31, சனி

குளிர் குறைந்துவிட்டது. முகூர்த்த ப்ளவுஸ் முடித்தேன். சு. போட்டுப் பார்த்தாள். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை.

"உங்களை மாதிரி யாராலயும் தைக்க முடியாது சித்தி."

"ஹவுஸ் ஓனர் தைச்சதுடி, சும்மாவா?"

அழுதுவிட்டாள். "உங்களுக்காகத்தான் மாத்திச் சொன்னேன்" என்றாள். தெரியும் என்றேன். கண்ணைத் துடைத்துவிடவில்லை. கொஞ்சம் அழட்டும் என்று இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

லைப்ரரி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். ஆறு மணிக்கு ரேடியோ வைத்தேன். கன்னடத்தில் விவசாயம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நல்ல வெயில். சத்திரம் அல்சூரில். முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது.

நகைப்பெட்டி, சூட்கேஸ், சீர் சாமான் எல்லாம் பெண் அறையில். யாராவது காவல் இருக்க வேண்டும். மேடைக்குக் கூப்பிட்டபோது சு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இங்க இருந்தாதான் எனக்கு நிம்மதி. தாலி கட்டற நேரம் மட்டும் வந்துடுங்க சித்தி." சரி என்றேன். அட்சதை கொடுத்துவிட்டுப் போனாள்.

எட்டு பத்துக்கு மேடைக்குப் போக எழுந்தேன். கதவு வெளிப்பக்கம் தாழ். உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து, பத்திரத்துக்காக யாரோ போட்டது. தட்டினேன். மேளக்காரர் என்னைவிட நன்றாகத் தட்டினார். அப்புறம் கெட்டிமேளம்.

அட்சதையை சூட்கேஸ் மேல் போட்டேன்.

ஒன்பது மணிக்குச் சமையல்காரர் வந்து திறந்தார். சாம்பார் வாளி இங்கே இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.